பொது வினாத்தாள் இல்லாத தேர்வு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ தத்துவமோ பேசுவது வழக்கம். மாணவர் தாமே ஆய்ந்து எழுதித் தரும் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் போடுவது பற்றிப் பேசுகிறேன் என்றதும் உங்கள் துறைத்தலைவர் கொஞ்சம் தயங்கினார். “அது தேர்வுப் பிரிவு பார்க்கிற வேலை இல்லையா, ஐயா?” என்று கேட்டார். தேர்வுப் பிரிவின் வேலை என்று நாம் ஒதுங்கிக்கொண்டதுதான் என் புகாரே.

ஏப்ரலில் எந்தக் கல்லூரியின் துறை அறைக்குள் நுழைந்தாலும் மேசைமேல் கறுப்பு ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்த ஆய்வேடுகள் அடுக்கியிருக்கும். காலை பத்து மணிக்கு வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் எனப்படும் வெளித்தேர்வாளர் வந்து சேர்வார். மாலை வண்டிக்கு அவர் கிளம்பியாக வேண்டும். இடையில் இருபது, இருபத்தைந்து பேருக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு; மதியச் சாப்பாடு வேறு இருக்கிறது. மாதக்கணக்கில் அலைந்து எழுதியவருக்கும் புராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவருக்கும் ஒரே பத்து நிமிடம். முடிவில் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலோர் 80க்கும் 90க்கும் இடையில் இருப்பார்கள். யாருக்கும் வருத்தமில்லை, உண்மையாக உழைத்த இரண்டு மூன்று பேரைத் தவிர.

நியாயமான தேர்வு என்றால் நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. அது 1857இல் உருவானது. அந்த ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம் என்பதற்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேர்வு நடத்தவென்றே பிறந்த அந்த அமைப்பு நியாயத்துக்காக மூன்று ஏற்பாடுகளை வளர்த்துக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். எழுதியவர் யாரென்று திருத்துகிறவருக்குத் தெரியாது. திருத்துகிறவர் பாடம் நடத்தியவராக இருக்க மாட்டார். விடைத்தாளின் முகப்பைப் பிரித்துவிட்டு டம்மி நம்பர் போடுகிற இன்றைய வழக்கம் வரை இதே சிந்தனைதான்.

இதை நான் குறைத்துப் பேச வரவில்லை. சாதியும் உறவும் சிபாரிசும் மண்டிய சமூகத்தில், பெயரில்லாத தாளை முகம் தெரியாதவரிடம் கொடுப்பது பெரிய பாதுகாப்பு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனையோ பேரை அதுதான் காப்பாற்றியது. 1978இல் தமிழ்நாட்டில் முதல் தன்னாட்சிக் கல்லூரிகள் வந்து, நடத்துகிறவரே மதிப்பிடலாம் என்று ஆனபோது எழுந்த அச்சம் வீண் அச்சமில்லை. ‘இன்டர்னல்’ என்று சொன்னாலே இன்றைக்கும் மாணவர் குரல் தணிந்துவிடுகிறது.

ஆனால் அந்தப் பழைய தேர்வே நாம் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இருந்ததில்லை. 1888இலேயே எட்ஜ்வொர்த் என்ற பொருளியலறிஞர், தேர்வு மதிப்பெண்ணில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அதைவிட நமக்கு நெருக்கமானவர் பிலிப் ஹார்ட்டாக். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 1929இல் இந்தியக் கல்வி பற்றி அறிக்கை தந்த ஹார்ட்டாக் குழுவின் தலைவரும் அவரே. அவரும் ரோட்ஸ் என்ற புள்ளியியலாளரும் 1935இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். வரலாற்று விடைத்தாள்கள் 15ஐ அனுபவமிக்க தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்த வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்று மூன்றே தீர்ப்புதான். மொத்தம் 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. தாள் அதே தாள், திருத்தியவரும் அதே ஆள்.

ஒருவரே தமக்குத் தாம் மாறுபடும்போது பலர் ஒருவருக்கொருவர் மாறுபடுவதைக் கேட்க வேண்டியதில்லை. 1961இல் அமெரிக்காவில் டீடரிக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், வணிக நிர்வாகிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஒன்பது தரங்களில் ஒன்றைக் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைந்த வெவ்வேறு தரங்களைப் பெறவில்லை. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் வாங்கின! எந்த அளவுகோலும் தராமல் அவரவர் மனப்படி திருத்தச் சொன்ன சோதனை அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த எண்ணைவிட அடுத்துச் செய்த வேலைதான் முக்கியம். யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். கருத்துக்காகப் படிக்கிறவர், கட்டமைப்பைப் பார்க்கிறவர், நடையில் மயங்குகிறவர், எழுத்துப்பிழையைக் கண்டால் பொறுக்காதவர், சொல்லாட்சியை எடைபோடுகிறவர் என்று ஐந்து வகை வாசகர்கள் கிடைத்தார்கள். நம் துறைகளிலும் இந்த ஐவரும் இருக்கிறார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை, நீங்கள் ஏற்கெனவே சிரித்துவிட்டீர்கள்.

இப்போது ஆய்வேட்டுக்கு வருவோம். இங்கே பொது வினாத்தாள் கிடையாது. கேள்வியையே மாணவர்தான் தேர்ந்தெடுக்கிறார். பெயரை மறைக்கவும் முடியாது. தலைப்பைப் பார்த்தாலே துறை முழுவதற்கும் ஆள் யாரென்று தெரியும். மதிப்பிடுகிறவர்களில் ஒருவர் வழிகாட்டியவராகவே இருப்பார். 1857 தந்த மூன்று காவல்களும் இல்லாத இடத்தில் நிற்கிறோம். ஆனால் பழைய காவல்கள் இருப்பதைப் போலவே நடந்துகொள்கிறோம்: வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்து, கையெழுத்து வாங்கி, உறையில் ஒட்டி அனுப்பிவிடுகிறோம்.

இரண்டு ஆய்வேடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பலவற்றைக் கலந்து செய்த உதாரணங்கள் இவை. ஒரு மாணவர் இணையவழி வாங்குதலில் கல்லூரி மாணவர்களின் மனநிறைவு என்று தலைப்பு எடுக்கிறார். கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸாப்பில் அனுப்பி நண்பர்களிடமிருந்து 120 பதில்கள் வாங்குகிறார். விழுக்காட்டு அட்டவணைகள், வண்ண வட்டப்படங்கள், கை-வர்க்கச் சோதனை, ஐந்து இயல்கள். இன்னொரு மாணவி தன் ஊர் ஏரிக்குப் போகிறார். மடை திறந்து வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிகளுக்கு இப்போது என்ன வேலை இருக்கிறது, கூலி யார் தருகிறார்கள் என்று கேட்கிறார். ஏரிப் பாசனச் சங்கத்துச் செயலாளர் கணக்கு நோட்டைக் காட்ட மறுக்கிறார். பெரியவர் ஒருவர் முதல் நாள் சொன்னதை மறுவாரம் மாற்றிச் சொல்கிறார். பாதித் தரவுதான் கிடைக்கிறது. நான்காம் இயலில், கணக்கு கிடைக்காததால் கூலி பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிவிடுகிறார்.

நம் மதிப்பெண் படிவத்தில் முறையியலுக்கு இவ்வளவு, பகுப்பாய்வுக்கு இவ்வளவு, வடிவமைப்புக்கு இவ்வளவு என்று கட்டங்கள் இருக்கின்றன. முதல் ஆய்வேடு எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடும். இரண்டாவது, கட்டத்துக்குக் கட்டம் இரண்டிரண்டு மதிப்பெண்ணாக இழந்துகொண்டே போகும். ‘முடிவு தெளிவாக இல்லை’ என்று எக்ஸ்டர்னல் ஓரத்தில் எழுதுவார். உண்மையில் அந்த மாணவி ஒருவர்தான் தன் தரவு எதுவரை தாங்கும் என்று அறிந்து நிறுத்தியவர். இதைப் பார்த்து அடுத்த ஆண்டு மாணவர்கள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: ஏரிக்குப் போகாதே, ஃபார்ம் அனுப்பு.

கடைசி இயலில் பரிந்துரைகள் இருந்தே தீர வேண்டும் என்று பல துறைகளில் ஒரு விதி இருக்கிறதே, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை 120 பேரைக் கேட்டுவிட்டு மத்திய அரசுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் ஏழு பரிந்துரைகள் எழுதுகிறது. யாரும் படிக்கப் போவதில்லை என்று அதற்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த இயலை எடுத்துவிட்டு, ‘நான் கண்டுபிடிக்க முடியாமல் போனவை’ என்று ஓர் இயல் கேட்டால் என்ன?

பெயர் தெரிவதால் வரும் ஆபத்துக்கு வருகிறேன். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் இந்தியாவில் ஒரு சோதனை செய்து 2012இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பில் சாதி விவரத்தைக் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். தாழ்ந்ததாகக் கருதப்படும் சாதி எழுதப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. பெரிய அளவில் இல்லை, ஆனால் குறைந்தது. உயர்சாதி ஆசிரியர்களைவிட, அதே ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்த ஆசிரியர்களிடம்தான் அது தென்பட்டது என்பது அவர்களையே வியக்க வைத்தது. இன்னொரு செய்தியும் உண்டு. விடைத்தாள் கட்டில் முதலில் திருத்திய தாள்களில்தான் இந்தப் பாகுபாடு அதிகம், போகப்போகக் குறைந்துவிட்டது. எது நல்ல தாள் என்று பிடிபடாத நிலையில் மனம் கையில் கிடைத்த வேறெதையோ பிடித்துக்கொள்கிறது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். எய்ம்ஸ் பற்றி 2007இல் வந்த தோரட் குழு அறிக்கையிலும், செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் தங்களுக்கு நேர்ந்ததைப் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தாள் மட்டும் தெரியும். வைவாவில் முகம், பேச்சு, ஊர், உடை எல்லாமே தெரியும்.

ஆங்கிலம் வேறு. தமிழ்வழியில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. முன்பு தட்டுத்தடுமாறி எழுதினால் மொழிக்காகக் குறைத்தோம். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வழுவழுவென்று எழுதினால் சந்தேகத்தில் குறைக்கிறோம். இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கிற மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சாட்ஜிபிடியை உண்டாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று தீர்ப்பு வந்தது. எளிய சொற்களில் எழுதுகிறவர்மேல்தான் பழி விழுகிறது. நம் பிள்ளைகள் எழுதுகிற ஆங்கிலம் அதுதான்.

கருத்துத்திருட்டு விழுக்காடும் இப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனையில்லை. 40 வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவு ரத்து. விதியில் தவறில்லை. ஆனால் அந்த எண்ணை நாம் நேர்மைச் சான்றிதழாக்கிவிட்டோம். தரவு முழுவதையும் உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டியவருக்கு 4 விழுக்காடு வரும், கைதட்டுவோம். தமிழ் ஆய்வேடு என்றால் கதையே வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடு தமிழில் உள்ள மூலத்தோடு அதை ஒப்பிட்டால் எதுவும் பொருந்தாது. டி.டி.பி. கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்?

ஆய்வேட்டை மட்டும் மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும். அது வேலையின் கடைசி வடிவம். வேலை அதற்கு முன்னால் நடந்துவிட்டது. களக்குறிப்பு நோட்டு, நிரப்பிய வினாப்படிவங்கள், முதல் வரைவு இவற்றை ஆய்வேட்டோடு கேட்டு வாங்க வேண்டும். கூடவே மாணவர் கைப்பட இரண்டு பக்கம்: எந்தெந்த இடத்தில் என்ன முடிவெடுத்தேன், எதைக் கைவிட்டேன், ஏன். இயந்திரத்திடம் உதவி வாங்கியிருந்தால் எதற்கு வாங்கினேன் என்பதும் அதில் வரட்டும். ஏரி மாணவியின் நோட்டைப் புரட்டினால், செயலாளர் மறுத்த நாள், பெரியவர் மாற்றிச் சொன்ன நாள், அதன் பிறகு அவர் கேள்வியை மாற்றிக் கேட்டது எல்லாம் தெரியும். சுயமாகச் செய்தாரா என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நோட்டையும் பொய்யாக எழுதலாம் என்பீர்கள். எழுதலாம். ஆனால் ஒரு பருவம் முழுவதும் மாதம் ஒருமுறை காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டிய நோட்டைப் பொய்யாக எழுதுவதைவிட ஆய்வு செய்வது சுலபம்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் சிக்கலானவர். அவரைப் போல அந்த வேலையை அறிந்தவர் யாரும் இல்லை. அவரைப் போல அதில் பங்குள்ளவரும் யாரும் இல்லை. சில நெறியாளர்கள் வரிக்கு வரி மாற்றி எழுதித் தருகிறார்கள். சிலர் கையெழுத்துப் போடும் நாளில்தான் தலைப்பையே படிக்கிறார்கள். இரண்டு மாணவர்களுக்கும் போடும் மதிப்பெண்ணில் பாதி நெறியாளர்களுக்கான மதிப்பெண். ஆகவே நெறியாளர் எண் போட வேண்டாம், சாட்சி சொல்லட்டும் என்கிறேன். நான் என்ன உதவி செய்தேன், எதை மாணவர் தானே செய்தார், எங்கே தடுமாறினார் என்று ஒரு பக்கம் எழுதித் தரட்டும். “நல்ல பிள்ளை சார், பார்த்துப் போடுங்க” என்று காதோரம் சொல்வதைக் காகிதத்தில் சொல்லச் சொன்னால் பாதி தானாகக் குறையும்.

மதிப்பெண்ணை இருவர் போடட்டும். தனித்தனியே படித்து, காரணத்தோடு எண்ணை எழுதிவைத்த பிறகு சந்திக்கட்டும். வேறுபாடு வந்தால் உடனே கூட்டி இரண்டால் வகுக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒருவர் 60, மற்றவர் 84 என்றால் 72 யாருடைய கருத்தும் இல்லை. ஏன் 60, ஏன் 84 என்று பேசினால்தான், ஒருவர் எழுத்துப்பிழையைப் படித்திருக்கிறார், மற்றவர் நோட்டைப் படித்திருக்கிறார் என்பது வெளிவரும். இரண்டு பேர் வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். இரட்டைத் திருத்தத்தில் பழகிய பிரிட்டனில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு துறைகளைச் சேர்ந்த அனுபவமுள்ள 24 ஆசிரியர்கள், துறைக்கு ஐந்து என்று 20 மாணவர் படைப்புகளை மதிப்பிட்டார்கள். ஒரு படைப்பை ஆறு பேர் படித்தார்கள். ஆறு பேரும் ஒரே வரிசை இடம் தந்தது 20இல் ஒன்றே ஒன்றுக்குத்தான். ஆகவே வைவா பருவத்துக்கு முன்னால், மார்ச்சில் ஒரு பிற்பகல், துறை முழுவதும் உட்கார்ந்து பழைய ஆய்வேடுகள் மூன்றைப் படித்துச் சண்டை போட வேண்டும். மாணவர் யாரும் பாதிக்கப்படாத அந்தச் சண்டையில் நம் அளவுகோல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். திருத்தும்போதும் முதல் நான்கைந்தை எண் போடாமல் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஹன்னாவும் லிண்டனும் கண்டதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது.

ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் இருக்கிறது. தனியாக ஒன்றுக்கு எண் தருவதைவிட, இரண்டில் எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது என்பதைக் கொண்டு 1927இல் தர்ஸ்டன் ஒரு கணித முறையே வகுத்தார். இன்று பள்ளிக் கட்டுரைகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏரியையும் இணையவழி வாங்குதலையும் இப்படி ஒப்பிட எனக்குத் துணிவில்லை. ஐயத்துக்குரிய எல்லைக்கோட்டில் நிற்கும் இரண்டு மூன்றைச் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான். நால்வர் சேர்ந்து செய்யும் குழு ஆய்வேட்டுக்கு நால்வருக்கும் ஒரே எண் போடுவதைப் பற்றி நேரம் செலவழிக்க விரும்பவில்லை. அது நியாயமில்லை என்பது அந்த நால்வருக்கே தெரியும்.

வைவாவில் “ஹைப்பாதெசிஸ் என்றால் என்ன?” என்று கேட்பதை விட்டுவிடலாம். அதை எழுத்துத் தேர்வில் கேட்டாயிற்று. “43ஆம் பக்கத்து அட்டவணையில் இந்த ஊரை ஏன் சேர்க்கவில்லை?” என்று கேளுங்கள். ஆய்வேட்டில் எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். களத்துக்குப் போனவர் நிறுத்தாமல் பேசுவார். வாங்கி வந்தவர் சான்றிதழ்ப் பக்கத்தைப் பார்ப்பார். ஆங்கில ஆய்வேடே ஆனாலும் தமிழில் பதில் சொல்ல விடுங்கள். பத்து நிமிடத்தில் இது நடக்காது. அரைமணி வேண்டும், அப்படியானால் ஒரு நாளைக்குப் பத்துப் பேர், அப்படியானால் எக்ஸ்டர்னலுக்கு இரண்டு நாள் படியும் தங்கும் இடமும். நான் சொன்ன மற்ற எல்லாவற்றுக்கும் ஆசிரியர் நேரம் வேண்டும். அதைக் கணக்கில் கொண்டு பணிச்சுமையைக் குறைக்காத நிர்வாகம், மதிப்பீட்டுப் படிவத்தில் எத்தனை கட்டம் போட்டாலும் பயனில்லை.

இது அவசரமும்கூட. மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட நான்காண்டு இளங்கலைச் சட்டகத்தில், முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே 12 கிரெடிட் ஆய்வேட்டுக்கு. அதே ஆண்டு எம்.ஃபில். படிப்பையும் நிறுத்தியாயிற்று. முன்பு முதுகலைக்குப் பிறகு பழகிய வேலையை இனி இருபது வயதில் செய்யச் சொல்லப் போகிறோம். அதற்குத் தகுதியானவர் யாரென்று பொது வினாத்தாளின் மதிப்பெண்தான் முடிவு செய்யும் என்பது தனி வேடிக்கை.

கடைசியாகக் காரணம் சொல்லும் கடமை. திருத்திய விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. இப்போது விடைத்தாள் நகல் வாங்குகிறார்கள், மறுமதிப்பீடு கேட்கிறார்கள். ஆய்வேட்டில் நகல் வாங்கி என்ன பயன்? அதில் நாம் எதையும் எழுதியிருப்பதில்லை. எண் மட்டும் உறைக்குள் போயிருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஒரு பக்கம், இருவரும் கையெழுத்திட்டு, மாணவர் கையில் தர வேண்டும். ‘நன்று’, ‘பரவாயில்லை’ போதாது. எந்தப் பக்கத்தில் எந்த முடிவு சரி, எது ஆதாரத்தை மீறியது என்று இருக்க வேண்டும்.

அந்தப் பக்கங்களை நாம் இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். ராய்ஸ் சாட்லர் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1989இல் எழுதிய கட்டுரையில், நல்ல வேலை எப்படியிருக்கும் என்பதை ஆசிரியர் மனத்தில் பூட்டி வைத்திருந்தால் மாணவர் முன்னேற வழியில்லை என்று வாதிட்டார். ஒவ்வோராண்டும் மூன்று ஆய்வேடுகளை எழுதியவர் சம்மதத்தோடு, பெயர் நீக்கி, மதிப்பீட்டுப் பக்கத்தையும் சேர்த்துத் துறை நூலகத்தில் வையுங்கள். ஒன்று சிறந்தது, ஒன்று நடுத்தரம், ஒன்று ஏரி ஆய்வேடு போலப் பாதியில் நின்றும் நல்ல மதிப்பெண் வாங்கியது. ஜூலையில் தலைப்புத் தேடும் மாணவர்கள் முதலில் இவற்றைப் படிக்கட்டும். பார்த்து எழுதிவிடுவார்களே என்று யாராவது கவலைப்பட்டால், இன்றைக்குப் பரண்மேல் கிடக்கும் ஆய்வேடுகளை யார் பார்த்து எழுதுகிறார்கள் என்று நூலக உதவியாளரைக் கேளுங்கள். அவரிடம் முழுப் பட்டியல் இருக்கும்.